ஹைலண்ட்ஸில் மோட்டர்ஹோமைக் கண்டால் ஊர்க்காரர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு வீடுபோல ஓடும் மோட்டர்ஹோமின் வைப்பருக்கு அடியில் ஒரு காகிதம்: இது கார் பார்க், கேம்ப்சைட் இல்லை. நேற்றுவரை வண்டி நிறுத்த முடிந்த சாலையோரத்தில் இன்று நாலு பாறாங்கல். கடற்கரைக்குப் போகும் வழியில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஒரு குறுக்குக் கம்பி. ஸ்காட்லாந்தின் வடமேற்கில், ஹைலண்ட்ஸ் என்னும் மலைப்பகுதியில், நார்த் கோஸ்ட் 500 பாதையிலும் ஸ்கை தீவிலும் கோடையில் மோட்டர்ஹோம் ஓட்டுகிறவர்கள் இதையெல்லாம் பார்க்கிறார்கள். வாடகைக்கு எடுத்துப் போகும் நம்மவர்களில் சிலர் இதைத் தோலின் நிறத்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு மனம் நொந்து திரும்புகிறார்கள். நிறம் பார்க்கும் ஆள் எங்காவது ஒருவர் இருக்கலாம். ஆனால் அதே காகிதம் லீட்ஸிலிருந்து வந்த வெள்ளைக்காரத் தம்பதியின் கண்ணாடியிலும் செருகியிருக்கும். கோபம் பெரும்பாலும் வண்டியின் மீது. இன்னும் துல்லியமாகச் சொன்னால், வண்டியின் பின்பக்கம் இருக்கும் ஒரு பெட்டியின் மீதும், அது அடைத்துக்கொள்ளும் சாலை அகலத்தின் மீதும்.

வாடகைக்குத் தருபவர் வண்டியை நம்மிடம் ஒப்படைக்கும்போது அடுப்பு, ஹீட்டர், கேஸ் சிலிண்டர், தண்ணீர் பம்ப் என்று காட்டுவதிலேயே நேரம் போய்விடுகிறது. போகிற ஊரில் எப்படி நடந்துகொள்வது என்பது பேச்சில் வராமலே சாவி கைமாறிவிடுகிறது. அந்த விடுபட்ட பகுதிதான் இங்கே.

பாதைக்கு நார்த் கோஸ்ட் 500 என்று பெயர் வைத்தது 2015-ல். இன்வர்னெஸில் தொடங்கி அங்கேயே முடியும் 516 மைல் வட்டம். பெயர்தான் புதிது. சாலையும் கழிப்பறையும் குப்பைத்தொட்டியும் அதற்கு முன்பு இருந்தவையே. சில நூறு பேர் வாழும் ஊருக்கென்று கட்டியவை அவை.

கேசட் என்னும் அந்தப் பெட்டி

மோட்டர்ஹோம் கழிப்பறைக்குக் கீழே, வெளிப்பக்கக் கதவைத் திறந்தால் சக்கரம் வைத்த ஒரு பெட்டி வரும். அதுதான் கேசட். கொள்ளளவு 17 முதல் 20 லிட்டர் வரை. இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள் தாங்கும். குழந்தைகளோடு நாலு பேர் என்றால் ஒன்றரை நாளில் சிவப்பு விளக்கு எரிந்துவிடும். விளக்கு எரிந்த பிறகு இடம் தேடக் கிளம்புவதுதான் எல்லாத் தப்புக்கும் தொடக்கம். அப்போது கண்ணில் படுவது ஊர்ப் பொதுக் கழிப்பறை.

அங்கே கொட்டினால் என்ன ஆகும்? ஹைலண்ட்ஸின் சின்ன ஊர்கள் பலவற்றில் பாதாளச் சாக்கடை கிடையாது. செப்டிக் டேங்க்தான். அதற்குள் வேலை செய்வது பாக்டீரியா. திடக்கழிவை அதுதான் மெல்ல மெல்லக் கரைக்கிறது. தெளிந்த நீர் உறிஞ்சுகுழி வழியாக மண்ணுக்குள் இறங்குகிறது. கேசட்டில் நாம் ஊற்றும் நீல மருந்தின் வேலையோ நேர் எதிர். நாற்றமும் வாயுவும் வராமலிருக்க அது பாக்டீரியாவைக் கொல்ல வேண்டும். ஃபார்மால்டிஹைடு போன்ற கிருமிக்கொல்லிகள் அதில் இருப்பது அதற்காகத்தான். ஒருவர் ஒரு கேசட்டைக் கொட்டினால் டேங்க் சமாளித்துவிடலாம். ஆகஸ்ட் மாதத்தில் ஒரே நாளில் ஐந்தாறு பேர் கொட்டினால் டேங்கின் பாக்டீரியா செத்துவிடலாம். கரையாத கசடு உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைக்கும். பிறகு நீர் மேலே பொங்கும். டேங்கர் லாரி வரும்வரை கழிப்பறைக்குப் பூட்டு. அடுத்து வரும் சுற்றுலாப் பயணி சுவருக்குப் பின்னால் ஒதுங்குகிறார். அந்தச் சுவர் ஒரு வீட்டுடையதாக இருக்கும்.

கழிப்பறைப் பூட்டைப் பார்த்துவிட்டு ‘இந்த ஊரில் ஒரு வசதியும் இல்லை’ என்று விமர்சனம் எழுதுகிறவர், அந்தப் பூட்டு எப்படி வந்தது என்று யோசிப்பதில்லை.

பச்சை மருந்து வாங்கினால் போதுமா என்று கேட்பார்கள். ஃபார்மால்டிஹைடு இல்லாத பச்சை வகை டேங்குக்குக் கேடு குறைவானதுதான், அதையே வாங்குங்கள். ஆனாலும் பொதுக் கழிப்பறைக்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. 20 லிட்டரைச் சாதாரணக் கோப்பையில் கவிழ்த்தால் சுவர்வரை தெறிக்கும், காகிதம் அடைக்கும். கொட்ட வேண்டிய இடம் கேம்ப்சைட்டில் இருக்கும் கெமிக்கல் டாய்லெட் கழிவிடம் மட்டுமே. தங்காமல் கழிவை மட்டும் கொட்டிவிட்டுப் போகச் சில இடங்களில் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிப்பார்கள். போன் செய்து கேட்டுவிட்டுப் போவது நல்லது.

கொட்டும் முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கேசட்டின் மேல் விளிம்பில் காற்றுப் பொத்தான் ஒன்று இருக்கும். மூடியைக் கழற்றி, கேசட்டின் ஊற்றுமூக்கைத் தள்ளிப் பிடித்து, சாய்த்த பிறகே அதைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அழுத்தாமல் ஊற்றினால் ‘குளுக் குளுக்’ என்று விக்கி விக்கிக் கால்சட்டையில் தெறிக்கும். சாய்ப்பதற்கு முன்பே அழுத்தினாலும் தெறிக்கும். காலியானதும் நாலைந்து லிட்டர் நீர் விட்டுக் குலுக்கி மறுபடி ஊற்றுங்கள். கழிவிடத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாய் கேசட் கழுவுவதற்கு மட்டுமே உரியது. அதே ஹோஸை வண்டியின் குடிநீர்த் துவாரத்தில் செருகுகிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்த இரண்டு நாள் வயிற்றுப்போக்குக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

பாத்திரம் கழுவிய, குளித்த நீர் சேரும் தொட்டிக்கும் இதே கவனம் வேண்டும். வால்வைத் திறந்து வைத்துக்கொண்டே ஓட்டுவது, கார் பார்க்கில் ‘வெறும் சோப்புத் தண்ணிதானே’ என்று விடுவது, இரண்டும் வேண்டாம். குழம்புச் சட்டி கழுவிய நீரில் எண்ணெயும் பருப்பும் இருக்கிறது. வெயிலில் இரண்டு மணி நேரத்தில் நாறும், எலியைக் கூப்பிடும். சிங்க்கில் ஒரு வலைச் சல்லடை போட்டு, எண்ணெய்ச் சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் தொட்டியே நாறாது.

மூன்று மீட்டர் சாலை

ஒற்றைத் தடச் சாலையின் அகலம் பல இடங்களில் 3 மீட்டர் அளவுதான். வாடகை மோட்டர்ஹோமின் உடல் 2.3 மீட்டர், இரு பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் 2.7-ஐத் தொடும். எதிரே சைக்கிள் வந்தால்கூட நிற்க வேண்டியதுதான். அதற்காகத்தான் சாலை நெடுகப் பாசிங் பிளேஸ் எனப்படும் ஒதுங்குமிடங்களை அமைத்திருக்கிறார்கள்.

பிரிட்டனின் சாலை விதித்தொகுப்பான ஹைவே கோடின் 155, 156 விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் போங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்குள் திருப்பக் கூடாது. உங்கள் தடத்திலேயே அதற்கு நேராக நின்றுவிடுங்கள், எதிரே வருபவர் அதற்குள் வளைந்து போவார். புதிதாக ஓட்டுபவர்கள் தவறுவது இங்கேதான். நல்லெண்ணத்தில் வலப்பக்கம் ஒதுங்குவார்கள். எதிரே வருபவரும் தன் இடப்பக்கமான அதே இடத்துக்கு வருவார். இருவரும் மூக்கோடு மூக்கு. மேடேறி வருபவருக்கு முடிந்தவரை வழி விட வேண்டும். ஒதுங்குமிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கவோ தேநீர் போடவோ கூடாது, ஐந்து நிமிடம்கூட.

இன்னொரு உபயோகம் பலருக்குத் தெரியாது. பின்னால் வருபவர் முந்திப் போகவும் அந்த இடங்கள்தான். கண்ணாடியில் ஒரே ஒரு கார் தெரிந்தாலும் அடுத்த இடப்பக்க ஒதுங்குமிடத்தில் நுழைந்து விட்டுவிடுங்கள். அந்தக் காரில் இருப்பவர் தனியாக வாழும் முதியவருக்கு மாத்திரை கொடுக்கப் போகும் பராமரிப்பாளராக இருக்கலாம். அவருக்கு இன்னும் ஆறு வீடு பாக்கி. மெதுவாகப் போவது குற்றமில்லை. வெற்று எடை 3.05 டன்னைத் தாண்டும் மோட்டர்ஹோமுக்கு நடுத்தடுப்பு இல்லாத சாலையில் மணிக்கு 50 மைல்தான் உச்ச வேகம். பின்னால் ஏழு வண்டியைச் சேர்த்துக்கொண்டு போவதுதான் எரிச்சல். நண்பர்கள் குடும்பமாக மூன்று வண்டி எடுத்துக்கொண்டு ஒட்டி ஒட்டி ஓட்டுவது அதைவிட மோசம். ஏழு மீட்டர் வண்டிகள் மூன்று எந்த ஒதுங்குமிடத்திலும் அடங்காது. இருபது நிமிட இடைவெளி விட்டுக் கிளம்புங்கள், மதியச் சாப்பாட்டுக்குச் சேர்ந்துகொள்ளலாம்.

பின்னோக்கி ஓட்டத் தெரியாமல் இந்தச் சாலைகளுக்குப் போகவே கூடாது. வண்டி எடுத்த இடத்திலேயே, ஆளில்லாத முற்றத்தில், கேமராவைப் பார்க்காமல் இரண்டு பக்கக் கண்ணாடியை மட்டும் வைத்து 50 மீட்டர் பின்னால் ஓட்டிப் பாருங்கள். பின் சக்கரத்துக்கு அப்பால் ஒன்றரை, இரண்டு மீட்டர் உடல் நீண்டிருக்கும். ஸ்டியரிங்கை ஒடித்தால் அந்த வால் எதிர்ப்பக்கம் வீசும். வேலிக்கல்லில் இடிப்பது பெரும்பாலும் அதுதான்.

ஓரப் புல்லும் நம்பத் தகுந்ததில்லை. அடியில் கரிச் சேறு. மூன்றரை டன் வண்டி, அதுவும் முன் சக்கர இழுவை, பின்னால் சுமை அதிகம். முன் டயர் ஈரப் புல்லில் சுற்றிக்கொண்டே கீழே இறங்கும். கடைசியில் டிராக்டரோடு வந்து இழுப்பவர், காலையில் நாம் வழி விடாத அதே ஆள்.

ஆப்பிள்கிராஸுக்குப் போகும் பியலக் நா பா கணவாய் 626 மீட்டர் உயரத்துக்கு ஏறும். செங்குத்தான இடங்களில் ஏற்றம் ஐந்துக்கு ஒன்று, கொண்டை ஊசி வளைவுகளோடு. புதிதாக ஓட்டுபவர்களுக்கும் மிகப் பெரிய வண்டிகளுக்கும் கேரவன்களுக்கும் ஏற்றதல்ல என்று தொடக்கத்திலேயே பலகை இருக்கிறது. அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல. ஷீல்டேக் வழியாகக் கடலோரச் சாலை ஒன்று இருக்கிறது. சுற்று அதிகம், அதுவும் ஒற்றைத் தடம்தான், ஆனால் பிரேக் காய்ந்து புகையாது.

‘ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் தங்கலாமே?’

கூடாரம் போடுகிறவருக்கு அது சரி. 2003-ம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் தரும் உரிமை நடப்பவர், சைக்கிளோட்டி, சிறு கூடாரத்தோடு இரண்டு மூன்று இரவு தங்குபவர் ஆகியோருக்கானது. மோட்டார் வாகனம் அதில் சேராது. சாலையிலிருந்து 15 கஜம் வரை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தலாம் என்று இன்னொரு வாதம் வரும். 1988-ம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 34-ம் பிரிவில் அது ஒரு விதிவிலக்கு மட்டுமே. அந்தத் தூரத்துக்குள் நிறுத்துவதற்காக ஓட்டியது மட்டும் அந்தப் பிரிவின்படி குற்றமாகாது என்கிறது. நிலத்துக்காரரின் அனுமதியை அது வாங்கித் தருவதில்லை. வெற்றுப் புல்வெளி என்று தோன்றுவது குரோஃப்டர்கள் எனப்படும் சிறு குடியானவர்களின் கூட்டு மேய்ச்சல் நிலமாக இருக்கலாம். கடற்கரையோரம் மணற்புல் விரிந்த மாஹிர் நிலத்தில் பறவைகள் தரையிலேயே முட்டையிடும். ஒரு டயர்த் தடம் பல மாதம் நிற்கும்.

முறையான இடங்கள் இருக்கின்றன. கேரவன் அண்ட் மோட்டர்ஹோம் கிளப்பின் ஐந்து வண்டி மட்டும் அனுமதிக்கும் சிறு தளங்கள் அமைதியானவை, பெரும்பாலும் ஒரு விவசாயியின் நிலத்தில் இருப்பவை. வனத்துறை சில கார் பார்க்குகளில் ஒரு இரவு தங்க விடுகிறது. வண்டிக்குள் கழிப்பறை இருக்க வேண்டும், கழிவை வெளியே விடக் கூடாது. ஹைலண்ட் கவுன்சில் 2024-ல் ஏழு நாளுக்கு 40 பவுண்டு என்று விருப்பக் கட்டணத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கிளம்பும் வாரத்தில் இவற்றின் இணையதளங்களைப் பார்த்து உறுதிசெய்யுங்கள், விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஜூலை, ஆகஸ்டில் முன்பதிவில்லாமல் மாலை ஆறு மணிக்கு இடம் தேடுவது வீண்.

பணமும் ஒரு மனத்தாங்கல். இன்வர்னெஸ் சூப்பர்மார்க்கெட்டில் ஒரு வாரத்துக்கு அரிசி, பால், டீசல் எல்லாம் நிரப்பிக்கொண்டு கிளம்பும் வண்டி, வழியில் உள்ள ஊர்களுக்கு விட்டுப்போவது குப்பைப் பையை மட்டுமே. 2024-ம் ஆண்டுச் சுற்றுலா வரிச் சட்டமும் அறை, தளம் என்று காசு கொடுத்துத் தங்குபவரைத்தான் பிடிக்கும். சாலையோரம் தூங்குபவரை அல்ல. ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். ரொட்டியையும் முட்டையையும் போகிற ஊரில் வாங்கலாம். ஆப்பிள்கிராஸில் பெட்ரோல் பம்பை ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள், அரை டேங்க் அங்கே போடலாம்.

ஊர்க்காரர்கள் செய்வதெல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. பாறாங்கல் போட்டு அடைத்த இடத்தில் நின்றிருந்த வண்டிகள் மறைந்துவிடுவதில்லை, அடுத்த வளைவில், இன்னும் மோசமான இடத்தில் நிற்கின்றன. வண்டியெண்ணைப் படமெடுத்து ஊர்க் குழுவில் போட்டுத் திட்டுவதால் ஒரு கழிவிடமும் கட்டப்படுவதில்லை.

இரவு பத்தரைக்கு ஒருவர் கதவைத் தட்டி ‘இங்கே நிற்கக் கூடாது’ என்றால் சட்டம் பேசாதீர்கள். மன்னிப்புக் கேட்டு, அருகில் எங்கே நிற்கலாம் என்று கேளுங்கள்; பலர் வழி சொல்வார்கள். ஆனால் கிளம்புவதற்கு ஓட்டுநர் குடித்திருக்கக் கூடாது. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 50 மில்லிகிராம். இங்கிலாந்தின் 80-ஐ மனதில் வைத்து ஒரு கிளாஸ் ஒயின் குடித்தவர் இங்கே மாட்டிக்கொள்ளலாம். ஓட்டாமல், பொது இடத்தில் சாவியோடு வண்டிக்குள் இருந்தாலே ‘வண்டி உங்கள் பொறுப்பில்’ என்று வழக்குப் போட இடமிருக்கிறது. வரம்புக்கு மேல் இருக்கும்வரை ஓட்டும் வாய்ப்பே இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். ஆகவே முன்பதிவு செய்த தளம் அல்லாத எந்த இடத்திலும் ஒருவர் குடிக்காமல் இருக்கட்டும். வெளியே நாற்காலி, பந்தல், அடுப்பு எதையும் விரிக்காதீர்கள். எரிவாயுவை அணைத்து, படியை உள்ளே மடித்து, வண்டியின் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பி வைத்துத் தூங்குங்கள். தட்டினால் ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம்.