குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறதா?

"முள்ளு வளந்திருக்காம், வெட்டி எடுக்கணுமா?" காரைக்குடியில் என்னிடம் பிசியோதெரபிக்கு எக்ஸ்ரே கவரோடு வருகிற ஆச்சிகள் முதலில் கேட்பது இதைத்தான். படத்தில் கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதுதான் குத்துகிறது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. வலியே இல்லாத பலருக்கும் அந்த வளர்ச்சி இருக்கிறது.

குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்துக்கு அடியில் தடித்த சவ்வு ஒன்று ஓடுகிறது. அது எலும்போடு சேரும் இடம் நாள்பட இழுபட்டு நைந்துபோவதால்தான் வலி. ராத்திரி முழுக்க அது இறுகிக் கிடப்பதால், விடிந்ததும் வைக்கும் முதல் அடியில் உயிர் போகிறது. கொஞ்சம் நடந்தால் குறைகிறது.

நம் வீடுகளில் ஆத்தங்குடிக் கல் தரை. வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நாள் முழுக்க வெறுங்கால்தான். விசேஷ வீட்டுச் சமையலுக்குப் போகிறவர்கள் விடிகாலையிலிருந்தே நின்றபடி இருக்கிறார்கள். வீட்டுக்குள் போட மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சாமி வீட்டு வாசலில் கழற்றிவிட்டால் போயிற்று.

கட்டிலை விட்டு இறங்குமுன், வலிக்கிற காலை மறுதொடைமேல் போட்டு, கால்விரல்களைக் கையால் முழங்கால் பக்கமாக இழுத்து வளையுங்கள். உள்ளங்காலில் சவ்வு கயிறாக விறைப்பது மறுகைக் கட்டைவிரலுக்குத் தெரிய வேண்டும். 10 எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இப்படி 10 தடவை, தினமும் 3 வேளை. கெண்டைக்காலையும் சுவரைப் பிடித்தபடி நீட்டிவிடுங்கள். குணமாக மாதக்கணக்கில் ஆகலாம், விட்டுவிடாதீர்கள். பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவதே இல்லை. ஸ்டீராய்டு ஊசி சிலருக்கு உதவும்; ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் சவ்வு அறுந்துபோகவும் வாய்ப்புண்டு.

செங்கல்லைச் சுடவைத்து, மேலே எருக்கிலையைப் போட்டுக் குதிகாலை அழுத்துவது இங்கே பல வீடுகளில் நடக்கிறது. இளஞ்சூடு இதம்தான். ஆனால் சர்க்கரை இருப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்யவே செய்யாதீர்கள். உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சுடுவது தெரியாது. கொப்புளம் புண்ணாகி, ஆறாமல், விரலை எடுக்கிற அளவுக்குப் போய்விடும்.

கழுத்து, இடுப்பில் வளரும் எலும்பு வேறு விஷயம். நரம்பை அழுத்தினால் கைகால் மரத்துப்போகும், பலம் குறையும். அப்படி இருந்தாலும், குதிகால் சிவந்து வீங்கிக் காய்ச்சல் அடித்தாலும், படுத்திருக்கும்போதுகூட வலி விடாவிட்டாலும், பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரை உடனே பாருங்கள்.