இரண்டு வாளி, ஒரே வண்டி

மக்கும் குப்பை எது, மக்காத குப்பை எது என்று சேலத்தில் எந்தப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி படம் போடாத சுவர் இல்லை. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளும் குப்பையை வீட்டிலேயே பிரிக்கச் சொன்னவைதான். அப்புறம் ஏன் பாதிப் பேர் எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டிப் போடுகிறார்கள்?

உள்ளாட்சிகளுக்குக் குப்பை வண்டிகளின் வழித்தடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். மக்களுக்குப் பொறுப்பில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார்கள். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. பிரித்துக் கொடுத்த இரண்டு வாளியும் வண்டியில் ஒன்றாக விழுவதை ஒரு வீட்டம்மா ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும், மறுநாள் அவர் பிரிக்கமாட்டார். ஏன் பிரிக்க வேண்டும்?

வண்டியில் வருபவரையும் திட்டிப் பயனில்லை. பேட்டரி வண்டிக்குப் பின்னால் ஒரு காலை நடந்து பார்த்தால் விஷயம் புரியும். காய்கறித் தோலும் மிச்சச் சோறும் எடை அதிகம், இடம் குறைவு. அட்டைப் பெட்டி, பாட்டில், கவர் எல்லாம் நேர்மாறு. ஆக மக்காத குப்பைக்கு ஒதுக்கிய பக்கம் பாதித் தெரு தாண்டுவதற்குள் நிரம்பிவிடும். மீதி வீட்டுக் குப்பையை அவர் எங்கே போடுவார்? காலியாக இருக்கும் பக்கத்தில்தான்.

இதற்கு வழி பெரிய செலவு பிடிப்பதல்ல. மக்கும் குப்பையைத் தினமும் எடுக்க வேண்டும். நம் வெயிலுக்கு ஒரு நாள் தவறினாலே நாறிவிடும். மக்காத, காய்ந்த குப்பைக்கு அந்த அவசரம் கிடையாது. வாரத்தில் ஒரு நாள், அதற்கென்று தனி நடை. மற்ற ஆறு நாளும் வண்டி அதைத் தொடவே கூடாது. பழைய பேப்பர்க்காரருக்காக மாதக்கணக்கில் பேப்பரைச் சேர்த்து வைத்த வீடுகள்தானே இவை, ஒரு சாக்குப் பையை ஒரு வாரம் வைத்திருக்கமாட்டார்களா?

அடுத்தது நேரம். ஒரு வண்டிக்கு 300 வீடு என்று வையுங்கள். வீட்டுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 5 மணி நேரம் ஆகும். காலை ஆறரைக்குக் கிளம்பினால் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர பதினொன்றரை. அதற்குள் அஸ்தம்பட்டி அடுக்குமாடிகளில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போயிருப்பார்கள். அவர்களுடைய கவர்தான் சாயங்காலம் முனைக் காலி மனைக்கோ சாக்கடைக்கோ போகிறது. மழை வந்தால் அங்கிருந்து திருமணிமுத்தாறு. அம்மாபேட்டை நெசவாளர் தெருக்களில் நிலைமை வேறு. வீட்டிலேயே தறி இருப்பதால் பகலில் எப்போது போனாலும் ஆள் இருக்கும். இரண்டு பகுதிக்கும் ஒரே நேர அட்டவணை போடுவது அலுவலகத்தில் உட்கார்ந்து போடுகிற அட்டவணை. வேலைக்குப் போகிறவர்கள் தெருவுக்கு முதலில் போய்விட்டுத் தறித் தெருவுக்குப் பிறகு வரலாம். கூடுதலாக ஒரு ஆள்கூட வேண்டாம்.

வீட்டுப் பக்கம் எனக்கு ஒரு புகார் உண்டு என்றால் அது சாம்பார் கவர்தான். பார்சல் வாங்கி, பாதி ஊற்றிவிட்டு, முடிச்சோடு அப்படியே எறிவது. உள்ளே இருப்பது மக்கும், வெளியே இருப்பது மக்காது. உரக்கூடத்தில் பணியாளர் அதை ஒவ்வொன்றாகக் கையால் கிழித்துப் பிழிய வேண்டும். இரண்டு நாள் ஆன சாம்பார் முகத்தில் தெறிக்கும். கவரை வெட்டிக் கழுவிக் காயப்போட அரை நிமிடம் ஆகுமா? பால் பாக்கெட்டின் மூலையைத் துண்டாக வெட்டாமல் ஒட்டியபடியே விடுவதும் அதே மாதிரி எளிதுதான். அந்தச் சின்னத் துண்டு உரத்தோடு கலந்தால் சல்லடையிலும் சுலபத்தில் பிடிபடாது. நாப்கினும் டயப்பரும் தாளில் சுற்றித் தனியாக வர வேண்டும். உடைந்த கண்ணாடியைக் கவரில் போட்டுக் கொடுத்தால் கிழிவது ஒருவருடைய கை.

தள்ளுவண்டியின் கைப்பிடியில் ஒரு சாக்கு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டில், அட்டை, இரும்பு எல்லாம் அதில் சேரும், பிறகு காயலாங்கடைக்குப் போகும். வேலை நேரத்தில் பொறுக்குகிறார்கள் என்று சில மேற்பார்வையாளர்கள் சத்தம் போடுவார்கள். எனக்கோ முழு நகரத்திலும் ஒழுங்காக நடக்கிற ஒரே பிரிப்பு அந்தச் சாக்குதான் என்று தோன்றும். அதைத் தடுக்காமல், எடை போட்டுக் கணக்கு எழுதி, விற்ற பணத்தைப் பணியாளருக்கே கொடுப்பதாக உள்ளாட்சி அறிவித்துவிட்டால் குப்பையைக் கலக்காமல் பார்த்துக்கொள்வதும் அவர்களே ஆகிவிடுவார்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போனால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். அங்கே வீடுகள் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன, வீடு வீடாக வண்டி போகிற கதை நடக்காது. அந்தந்தக் குடியிருப்பிலேயே குழி எடுத்து மக்கவைப்பதே சரி. மலை மழையில் குழி திறந்து கிடந்தால் தண்ணீர் தேங்கி, காற்றுப் போகாமல் அழுகி நாறும்; மேலே ஒரு தகரம், உள்ளே ஈரக் குப்பைக்கு மேல் காய்ந்த இலை என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். சமவெளியில் காய்ந்த சருகுக்கு அலைகிறோம். காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் இலையும் காபித் தோலும் காலடியில் கிடக்கின்றன. மலையில் உண்மையான தலைவலி திங்கட்கிழமை காலைதான், அதிலும் மே மாதக் கோடை விழா சமயத்தில் கேட்கவே வேண்டாம். சனி ஞாயிறு வந்து போனவர்கள் விட்டுச் சென்ற தட்டும் பாட்டிலும் பார்வையிடங்களில் குவிந்திருக்கும். காட்டெருமையும் குரங்கும் அதைக் கிளறும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதலே தடை உண்டு. அதைச் சோதிக்கச் சரியான இடம் அடிவாரம். மேலே போய் அபராதம் போடுவதற்குள் பாதி பள்ளத்தில் விழுந்திருக்கும். மதுப் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் தந்தால் திருப்பித் தரும் முறை நீலகிரியில் 2022-இல் தொடங்கியது. மலையில் கண்ணாடிக்கு அதைவிட நல்ல வழி நான் பார்க்கவில்லை.

நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேர்க்கும் கல்யாண மண்டபம், ஓட்டல், விடுதிகளை 2016 விதிகள் தனியாகவே வகைப்படுத்தின. வீட்டு வண்டியில் அவர்களுடைய வாழை இலை ஏறினால் அன்றைக்குத் தெருவில் பாதி வீட்டுக்கு வண்டி கிடையாது. மாம்பழ சீசனில் பழ மண்டிக்கும் இதே விதி பொருந்த வேண்டும்.

இதையெல்லாம் மக்கள் நேரில் கேட்கிற இடம் நகரத்தில் பகுதி சபை, ஏற்காட்டில் கிராம சபை. அடுத்த கூட்டத்தில் ‘குப்பை அள்ளவில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் ‘கவனிக்கிறோம்’ என்று பதில் வரும், அதோடு முடிந்தது. எங்கள் தெரு வண்டிக்கு எத்தனை வீடு, கடைசி வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருகிறது, காய்ந்த குப்பைக்கு எந்தக் கிழமை, அது எந்தக் கிடங்குக்குப் போகிறது என்று கேளுங்கள். வழித்தடத் தாளை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லி, அதையும் தீர்மானத்தில் எழுத வையுங்கள்.