டேஷ்போர்டு ஒன்றும் தேக்குக் கதவு இல்லை

இன்னொரு வண்டி. சாந்திக்கு, அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கு, ஊர்வலம் போகவேண்டிய பழைய இங்கிலீஷ் கார், டேஷ்போர்டு இல்லாத பொக்கை வாயோடு லாரியில் ஏறி வந்திருக்கிறது. பலகையைப் பழைய வேட்டியில் சுற்றி, மீட்டர்களையும் ஸ்குரூக்களையும் ஒரே கொட்டானில் கொட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பலகையின் வால்நட் மர முகம் பாதி காணோம். அடிப்பலகை வெளுப்பாகத் தெரிகிறது. டெம்பரேச்சர் கேஜின் மெல்லிய செம்புக் குழாயைக் கட்டிங் பிளேயரால் நறுக்கியாயிற்று. பேட்டரி கரண்ட்டைக் காட்டும் அம்மீட்டருக்குப் போகும் வயர் உருகிப் பக்கத்து வயர்களோடு ஒட்டிக் கிடக்கிறது. மூன்று தவறும் ஒரே வண்டியில் சேர்ந்து வருவது அபூர்வம் என்று சொல்ல ஆசைதான். அப்படி இல்லை.

நம் செட்டிநாட்டில் இது நடக்க ஒரு காரணம் இருக்கிறது. இங்கே மரம் என்றால் பர்மாத் தேக்கு. நிலை, கதவு, முகப்புத் தூண் எல்லாமே முழு மரம். தலைமுறை அழுக்கு ஏறிய கதவை இழைத்து எண்ணெய் காட்டினால் புதுக் கதவு ஆகிவிடும். அந்தப் பழக்கத்தில்தான் டேஷ்போர்டையும் கழற்றி, "நல்லா இழைச்சுக் குடுங்க ஆசாரி" என்று நீட்டுகிறார்கள். ஆசாரி மேல் குற்றமில்லை. அது முழு மரம் இல்லை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ரோவர், ரைலி, வுல்ஸ்லி, ஜாகுவார் போன்ற அந்தக் காலத்து வண்டிகளில் நீங்கள் பார்ப்பது வெனீர். அடியில் பிளைவுட்டோ சாதாரண மரமோ இருக்கும். அதன் மேல் ஒட்டிய வால்நட் சீவல் 0.6 முதல் 1 மில்லிமீட்டர்தான். இரண்டு மூன்று விசிட்டிங் கார்டு கனம். இடையில் யாராவது ஒரு முறை தேய்த்திருந்தால் அதுவும் இருக்காது. சாண்டர் மெஷினை வைத்தால் சில நொடிகளில் மறுபக்கம் தெரியும். மீட்டர் ஓட்டைகளின் விளிம்புதான் முதலில் போகும். பல வண்டிகளில் இடப்பாதியும் வலப்பாதியும் புத்தகத்தை விரித்த மாதிரி ஒன்றுக்கொன்று பிம்பமாக இருக்கும். ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய சீவல்கள் அவை. ஒரு பாதியைத் தின்றுவிட்டால் அதற்கு ஜோடி எங்கும் கிடைக்காது.

"போகட்டும், இடித்த வீட்டுத் தேக்கிலேயே புதுசாகச் செய்துவிடலாம்" என்பது அடுத்த யோசனை. செய்யலாம், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். ஆனால் ஸ்விட்ச்சின் கழுத்தும் மீட்டர் பிராக்கெட்டும் பழைய பலகையின் கனத்துக்கு அளந்தவை. பலகை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடித்தால் நட் மரையில் ஏறாது. அப்போது ஓட்டைகளைப் பின்னாலிருந்து குடைவார்கள். அந்த இடத்தில் பிறகு விரிசல் விடும்.

இதற்கு நேர் எதிரான வேடிக்கையும் உண்டு. 1930, 40களின் அமெரிக்க வண்டிகள் பலவற்றில் மர ரேகை என்பது இரும்புத் தகட்டின் மேல் அடித்த பெயின்ட். மரம் என்று நம்பி அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தகரம் வந்ததும் திகைத்தவர்கள் உண்டு. ஒரு காந்தத்தை வைத்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்?

இனி கழற்றும் வேலை. "சாவியை எடுத்துவிட்டோமே, கரண்ட் எப்படி இருக்கும்?" என்று கேட்காதீர்கள். அம்மீட்டருக்கு வரும் கம்பி சாவிக்கும் முன்னால், பியூஸுக்கும் முன்னால். பேட்டரியின் முழு பலமும் அந்தத் திருகில் எப்போதும் நிற்கிறது. ஸ்பானர் ஒரு முனையில் அதையும் மறுமுனையில் பாடியையும் தொட்டால் போதும். குறுக்கே நிறுத்த எதுவும் இல்லை. பேட்டரியை முதலில் கழற்றுங்கள். அதிலும் எர்த் வயரை முதலில். எர்த் என்றால் கறுப்பு, கறுப்பு என்றால் மைனஸ் என்ற கணக்கு இங்கே செல்லாது. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் வண்டிகள் பெரும்பாலும் பிளஸ்தான் எர்த். எந்த வயர் நேராகப் பாடியில் போய் போல்ட் ஆகியிருக்கிறதோ, அதுதான் எர்த்.

போட்டோ எடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் வயரிங்கில் பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை என்றால் சாவிக்குப் பிறகு, பச்சை என்றால் பியூஸுக்குப் பிறகு. படிக்க அழகான ஒழுங்கு. துணி உறை போட்ட வயரில் இத்தனை வருஷத்துக்குப் பிறகு மூன்றுமே ஒரே மண் நிறம். அதனால் வயருக்கு ஒரு நம்பர், அது உட்காரும் இடத்துக்கு அதே நம்பர், மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். வயரை வளைக்கும்போது உள்ளே ரப்பர் நொறுங்கும் சத்தம் கேட்டால் அது முடிந்துபோன வயர். இன்சுலேஷன் டேப் சுற்றி ஏமாற்ற வேண்டாம், மாற்றுங்கள்.

ஸ்பீடோமீட்டர் கேபிள் நட்டைக் கையால் திருகினால் போதும், பிளேயர் எதற்கு? ஆயில் பிரஷர் கேஜ் குழாயைக் கழற்றும்போது ஒரு ஸ்பானரால் கேஜின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் குழாய் முறுக்கிக்கொள்ளும். அந்த இணைப்புக்குள் பொட்டு அளவில் ஒரு தோல் வாஷர் இருக்கலாம். எண்ணெயோடு கீழே விழுந்துவிடும், தேடி எடுத்து வையுங்கள்.

டெம்பரேச்சர் கேஜ் விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறேன். அந்தச் செம்புக் குழாய் வயர் இல்லை. கேஜ், குழாய், எஞ்சினில் செருகிய குமிழ் மூன்றும் சேர்ந்து ஒரே மூடிய பாத்திரம். உள்ளே பெரும்பாலும் ஈதர் என்ற திரவம். நறுக்கினாலும் கூர்மையாக மடித்தாலும் கேஜ் செத்தது. பற்றவைத்து ஒட்டவும் முடியாது. ஈதர் தீயைக் கண்டால் விடாது. ரேடியேட்டர் தண்ணீரைக் குமிழுக்குக் கீழே வரை இறக்கி, நட்டைத் தளர்த்தி, குமிழைத் திருகாமல் நேராக இழுத்து, குழாயோடு சேர்த்தே உள்பக்கம் கொண்டுவாருங்கள். அகலமான வளையமாகச் சுருட்டி கேஜோடு கட்டி வையுங்கள்.

மீட்டர் கண்ணாடிகளைத் திறக்காதீர்கள். எண்கள் மேல் பழுப்பாகவோ மஞ்சளாகவோ தடித்த பூச்சு தெரிந்தால் அது ரேடியமாக இருக்கலாம். இருட்டில் ஒளிரவில்லையே என்று ஆறுதல்பட வேண்டாம். ஒளிர்ந்த பொருள்தான் தேய்ந்துபோயிற்று. ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருஷம் ஆகும். மூடிய கண்ணாடிக்குள் கிடக்கும் வரை அது பாட்டுக்குக் கிடக்கும். சுரண்டி எடுத்த தூள் மூச்சில் போவதுதான் ஆபத்து. ரேடியம் இல்லாத டயல்களையும் பெட்ரோல், தின்னர் தொட்டுத் துடைக்காதீர்கள். எழுத்து துணியோடு வந்துவிடும்.

மரத்துக்கு வருவோம். பழைய பாலிஷ் எதுவென்று தெரிய, மறைவான மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிஷம் வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். இல்லாவிட்டால் தின்னரில் பாருங்கள். இளகினால் செல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் மசியாதது வார்னிஷ். பெயின்ட் ரிமூவர் போட்டு, கூரில்லாத பிளாஸ்டிக் தகட்டால் ரேகையோடு வழித்தெடுங்கள். காஸ்டிக் சோடா கூடவே கூடாது: மரம் கறுக்கும், பசை விடும். பிறகு கார்க் கட்டையில் சுற்றிய 240 உப்புத்தாள், அடுத்து 320. கையால் மட்டும், ரேகையோடு மட்டும்.

வெனீர் உப்பியிருந்தால் ஈரத் துணி வைத்து மிதமான இஸ்திரிப் பெட்டியை அழுத்திப் பாருங்கள். விலங்குத் தோல் காய்ச்சிய பழைய வஜ்ரப் பசையானால் இளகித் திரும்ப ஒட்டும். மெழுகுத்தாள் வைத்து ஒரு நாள் முழுக்க இறுக்கிக் கட்டுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ரெசின் பசை இப்படி இளகாது. உப்பலை ரேகையோடு பிளேடால் கீறி, ஊசியில் எபாக்சி ஏற்ற வேண்டும். கடையில் வாங்கும் வெள்ளைப் பசை வேண்டாம். சித்திரை வெயிலில் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் பலகையில் அது மெழுகாகிவிடும். அரக்குப் பாலிஷும் அப்படித்தான்: சூட்டில் ஒட்டும், ஐப்பசி ஈரத்தில் வெளுக்கும். கண்காட்சியில் நிற்கும் வண்டிக்கு அரக்கு சரி. ஓடும் வண்டிக்கு வெயிலைத் தடுக்கும் வார்னிஷை மெல்லிசாக ஆறேழு கோட் கொடுங்கள். ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. பின்பக்கத்துக்கும் இரண்டு கோட். பின்பக்கத்தைச் சும்மா விட்டால் அது மட்டும் ஈரம் குடித்துப் பலகை வளையும். முட்டை வெள்ளைக்கருவில் சுவரை மெருகேற்றிய ஊர்க்காரர்களுக்கு அவசர மெருகு நிற்காது என்று நான் சொல்லித்தானா தெரியவேண்டும்?

திரும்ப மாட்டும்போது பலரும் மறப்பது எர்த். மரம் கரண்டைக் கடத்தாது. மீட்டரிலிருந்து மீட்டருக்குத் தாவும் ஒற்றை வயர்தான் எல்லாவற்றுக்கும் எர்த். அதை விட்டுவிட்டால் பெட்ரோல் கேஜ் பொய் சொல்லும், மீட்டர் விளக்குகள் எரியாது. இரும்பு டேஷ்போர்டானால் பிராக்கெட் உட்காரும் இடத்தில் புதுப் பெயின்டைக் கொஞ்சம் சுரண்டிவிடுங்கள். இதற்கெல்லாம் மீட்டர் மேல் பழி போட்டு அதைத் திறக்க ஆரம்பிக்காதீர்கள்.

பேட்டரியை எடுத்த எடுப்பில் கொடுக்க வேண்டாம். எர்த் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் இடையே வண்டியின் வோல்டேஜுக்குப் பொருந்தும் 21 வாட் பல்பு ஒன்றை இணையுங்கள். எல்லா ஸ்விட்ச்சும் அணைந்திருக்க, கதவுகள் மூடியிருக்க, பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். வயர் எரிவதற்குப் பதில் பல்பு எரிகிறது, அவ்வளவுதான். அது எரியாமல் நின்ற பிறகே நேர் இணைப்பு. எஞ்சினை அணைத்து ஹெட்லைட்டைப் போட்டால் அம்மீட்டர் முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாய வேண்டும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அதன் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றன.

இத்தனைக்கும் ஒரு மாதம் தேவை. வெளியூரிலிருந்து பத்து நாள் லீவில் வந்து, ஷெட்டைத் திறந்து, விசேஷத்துக்குள் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் பலகையைத் தொடவே வேண்டாம். லேசாக ஈரம் காட்டிய பருத்தித் துணியால் துடைத்து, கொஞ்சம் கார்னௌபா மெழுகு தேய்த்து, ஊர்வலத்தை நடத்துங்கள். விரிசலும் மங்கலும் ஒரு நாள் யார் கண்ணையும் உறுத்தாது. டேஷ்போர்டை ஆடிக்குப் பிறகு ஆற அமரக் கழற்றலாம்.