கொழும்பில் வசந்தம் இல்லை, பறவைக்கு எப்படித் தெரியும்?

மார்ச் கடைசி ஞாயிறு. விடியற்காலை ஐந்தரைக்கு வெள்ளவத்தையில் வான் ஏறினோம். பதினொரு பேர், நான்கு பைனாகுலர், ஒரு பெரிய பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி. வெளிச்சம் வரும்போது தலங்கம குளக்கரையில் நின்றோம்.

தண்ணீருக்கு மேலே மீசை ஆலாக்கள் தாழ்வாகப் பறந்துகொண்டிருந்தன. வடக்கிலிருந்து இங்கே வலசை வந்து, குஞ்சு பொரிக்கத் திரும்பிப் போகும் பறவை. டிசம்பரில் பார்த்தால் வெள்ளையும் சாம்பலுமாக இருக்கும். இப்போது நெற்றியிலிருந்து பிடரி வரை கறுப்புத் தொப்பி, வயிற்றில் கரி பூசியதுபோல ஒரு நிறம், கன்னத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. ஒன்றுக்குத் தொப்பி பாதிதான் கறுத்திருந்தது. இன்னொன்று அப்படியே வெளிறிப்போய், ஒரு கறுப்பு இறகுகூட இல்லாமல்.

“கலியாண உடுப்பு மாத்துதுகள். கெதியிலை வெளிக்கிடப்போகுதுகள்” என்றார் எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி.

எட்டாம் வகுப்புப் பொடியன் ஒருவன் கேட்டான்: “அண்ணை, இஞ்சை எப்பவும் ஒரே வெயில்தானே. போற நேரம் வந்திட்டெண்டு அதுகளுக்கு எப்பிடித் தெரியும்?”

நல்ல கேள்வி. லண்டனில் குளிர்காலப் பகல் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு, கோடையில் பதினாறரை. அங்கே இருக்கும் பறவைக்கு நாட்காட்டி வானத்திலேயே தொங்குகிறது. கொழும்பிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட வராது.

விடையின் முதல் பாதி பறவைக்குள்ளேயே இருக்கிறது. 1960களில் ஜெர்மானியப் பறவையியலாளர் எபர்ஹார்ட் க்வின்னர், வலசை போகும் கதிர்க்குருவிகளைக் கூண்டில் வைத்து, ஆண்டு முழுவதும் 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு என்று மாறாமல் கொடுத்தார். பருவம் என்று ஒன்றே இல்லை. ஆனாலும் அவை காலம் வந்ததும் இறகு மாற்றின, கொழுத்தன, இரவில் தூங்காமல் சிறகடித்துத் தவித்தன. உடலுக்குள் ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது. என்ன, அது அவ்வளவு சரியான கடிகாரம் இல்லை. சில இனங்களில் ஒரு சுற்று சுமார் 10 மாதத்திலேயே முடிந்துவிடும். அவ்வப்போது யாராவது முள்ளைத் திருப்பி வைக்க வேண்டும்.

திருப்பி வைப்பது பகலின் நீளம்தான். அந்தச் சிறிய வித்தியாசம் போதுமா? பனாமாவும் கொழும்பைப் போலப் பூமத்திய ரேகைக்குப் பக்கத்து இடம். அங்கே ஒரு காட்டுக் குருவியில் சோதித்தபோது, பகல் 17 நிமிடம் நீண்டதற்கே அதன் இனப்பெருக்க உறுப்புகள் வளரத் தொடங்கின. அது வலசை போகாத குருவி என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இன்னொரு விந்தை: பகலின் நீளத்தை அளக்கப் பறவைக்குக் கண் தேவையில்லை. மெல்லிய மண்டையோட்டைத் தாண்டி வரும் ஒளியை மூளையின் ஆழத்தில் உள்ள உயிரணுக்களே உணர்கின்றன.

கடிகாரம் அடித்ததும் பசி பிடிக்கும். வயலோரக் கம்பியில் பழுப்புக் கீச்சான் ஒன்று, நாங்கள் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் மூன்று தும்பிகளை விழுங்கியது. வடகிழக்கு ஆசியா வரை போகவேண்டிய ஆள். ஒரு கிராம் கொழுப்பில், அதே எடை மாவுச்சத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆற்றல் உண்டு. பறவைக்கு வளையம் மாட்டுபவர்கள் அதைக் கையில் பிடித்துக் கழுத்தடி இறகை வாயால் ஊதிப் பார்ப்பார்கள். கண்ணாடி போன்ற தோலுக்கடியில் மஞ்சளாகத் தெரிவதுதான் பயணத்துக்கான பெற்றோல்.

சரி, திசை? சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்தப்புலம் மூன்றும் உதவும். காந்தப்புலத்தை உணர்வது கண்ணில் உள்ள கிரிப்டோகுரோம் என்ற புரதம் என்று பலர் கருதுகிறார்கள். இந்தக் காந்தத் திசைகாட்டிக்கு வடக்கு, தெற்கு தெரியாது. காந்தக் கோடுகள் நிலத்தை நோக்கி எந்தப் பக்கம் சரிகின்றன என்பதைத்தான் அது பார்க்கும்; சரியும் பக்கம் துருவம், மறுபக்கம் காந்த நடுக்கோடு.

இங்கேதான் கொழும்பு குறுக்கே வருகிறது. காந்த நடுக்கோடு தென்னிந்திய முனையை ஒட்டிப் போகிறது. ரொக்கெட் ஏவக் கேரளக் கரையிலுள்ள தும்பாவை இந்தியா தேர்ந்ததே அதனால்தான். அந்தக் கோட்டில் காந்தப்புலம் நிலத்துக்குச் சமாந்தரமாகக் கிடக்கும். எந்தப் பக்கமும் சரிவில்லை. கொழும்பு அதற்குச் சற்றுத் தெற்கே. ஆக, இங்கிருந்து கிளம்பும் ஆலா முதலில் நடுக்கோட்டை நோக்கிப் பறக்க வேண்டும், அதைக் கடந்ததும் துருவத்தை நோக்கி. போகும் வழி ஒன்றுதான், திசைகாட்டியில் வாசிப்பு மட்டும் தலைகீழாகிறது. தோட்டக் கதிர்க்குருவிகளைச் சமாந்தரப் புலத்தில் சில நாள் வைத்து எடுத்தபோது, அவை திசைத் தெரிவை மாற்றிக்கொண்டதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். இதையெல்லாம் நினைத்தபோது எனக்குக் கூகுள் மெப்பைத் திறக்கவே கூச்சமாக இருந்தது.

நாட்காட்டியும் மங்கல், திசைகாட்டியும் மங்கல். அப்படிப்பட்ட இடத்திலிருந்து புறப்பட்டுத்தான் இவை ஊர் போய்ச் சேர்கின்றன. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்திருப்பது ஒரு வசதி. ஜனவரியில் என்றால் முகத்தில் அடிக்கும்.

திரும்பி வான் ஏறும்போது பொடியன் விடவில்லை. “அப்ப அந்த வெளிறினது? அது உடுப்பே மாத்தேல்லையே?”

முதலாண்டுப் பறவைகளில் பல, குறிப்பாகக் கரையோரப் பறவைகளில், வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடும். ஜூன் மாதத்திலும் சிலவற்றைக் காணலாம்.

வழிகாட்டி பிளாஸ்க்கை மூடிக்கொண்டே சொன்னார்: “அதுக்கு இன்னும் கலியாண வயசு வரேல்லைப் போலை.”