புதுசு என்று விற்ற பழசு: பிரித்து ஒட்டிய பெட்டிக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

பெட்டியின் மேல் டேப் இரண்டு அடுக்காக ஒட்டியிருக்கிறது. ஓரத்தை நகத்தால் நெம்பினால், அட்டையின் மேல்தோல் ஏற்கெனவே ஒருமுறை உரிந்துபோனது தெரிகிறது. உள்ளே ஹெட்போன். காதில் படும் பஞ்சில் யாருடையதோ ஒரு தலைமுடி. போட்டுப் பார்த்தால் பாட்டு நன்றாகத்தான் கேட்கிறது. விற்றவரிடம் கேட்டால், "வேலை செய்யுதுல்ல, அப்புறம் என்ன சார்?" என்கிறார்.

இந்தக் கேள்விக்கு இந்தியச் சட்டத்தில் நேரடியாகவே பதில் இருக்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தன் 2(47) பிரிவில் நேர்மையற்ற வணிக நடைமுறைகள் எவை என்று அடுக்குகிறது. பழைய பொருளை, பயன்படுத்தியதை, புதுப்பித்ததைப் புதியது என்று சொல்லி விற்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. பொருள் ஓடுகிறதா என்பது வேறு விஷயம். புதுசுக்குக் காசு வாங்கிக்கொண்டு பழசைத் தந்ததே தனித் தவறு. பலர் புகாரில் "பொருளில் குறைபாடு" என்று மட்டும் எழுதிவிட்டு, அப்புறம் குறைபாட்டைக் காட்ட முடியாமல் திணறுகிறார்கள். என்னைக் கேட்டால், "புதியது என்று சொல்லிப் பயன்படுத்தியதை விற்றார்கள்" என்பதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும்.

'ஓபன் பாக்ஸ்' (ஏற்கெனவே பெட்டி பிரித்தது), 'ரீஃபர்பிஷ்டு' (சரிசெய்து புதுப்பித்தது) என்று முன்கூட்டியே சொல்லி விற்றிருந்தால் இந்த வாதம் நிற்காது. அதேபோல, பெட்டி திறந்திருந்தது என்பது மட்டும் போதாது. வாடிக்கையாளருக்குக் காட்டத் திறந்தோம் என்று கடைக்காரர் சொல்லிவிடலாம். யாரோ பயன்படுத்தியதன் தடயம் வேண்டும்.

அந்தத் தடயம் பெரும்பாலும் நாம் குப்பையில் போடும் அட்டையில்தான் இருக்கிறது. டேப், உறை, கூரியர் லேபிள் எதையும் எறியாதீர்கள். போன் என்றால் *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), பெட்டியில் உள்ளதும், பில்லில் உள்ளதும் ஒன்றுதானா என்று பாருங்கள். தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு வாரண்டி எப்போது தொடங்கியது என்று பாருங்கள். நீங்கள் வாங்கிய நாளுக்கு முன்பே தொடங்கியிருந்தால், அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட வலுவான சாட்சி கிடைப்பது கடினம். பிரிக்கும்போது வீடியோ எடுக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ஆனால் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து உள்ளே திறந்து பார்ப்பது. நாளைக்கு, "பிரித்ததே இவர்தான்" என்பார்கள்.

சரி, யாரிடம் போவது? முதலில் விற்றவரிடம், எழுத்தில். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதையும் அதே 2(47) பிரிவு நேர்மையற்ற நடைமுறை என்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்துவிட்டால் மட்டும் இந்தப் பொறுப்பிலிருந்து தப்பிவிட முடியாது. ஆன்லைனில் வாங்கியிருந்தால் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் கைகொடுக்கும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது.

அதற்கும் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். இவர்கள் நிறுவனத்துடன் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. நிறைய புகார்கள் இங்கேயே முடிந்துவிடும் என்பதால் ஒரு போன் போடுவதில் நஷ்டமில்லை.

உத்தரவு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கேதான். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்து ஆணையத்தில் போடலாம். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம். மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ வாங்கியவர் 'நுகர்வோர்' ஆக மாட்டார். ஆனால் சுயதொழில் செய்து பிழைக்க வாங்கித் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான்.

பணத்தை வட்டியோடு திருப்பித் தரவும், பொருளை மாற்றித் தரவும், இழப்பீடும் வழக்குச் செலவும் கொடுக்கவும் ஆணையம் உத்தரவிடலாம். ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் மாதிரியை முத்திரையிட்டு அனுப்புவார்கள்; 45 நாளுக்குள் அறிக்கை வர வேண்டும், அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். சோதனை இல்லாத வழக்கை 3 மாதத்திலும், உள்ளதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் வாய்தா மேல் வாய்தா போவதும் உண்டு. உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பொருளில் யாரோ கைவைத்ததால் உடம்புக்கு அடிபட்டது, வீட்டில் வேறு சாமான் எரிந்தது என்றால் அது இன்னும் பெரிய விவகாரம். பொருளை மாற்றியமைத்து விற்றவர், அந்த மாற்றமே பாதிப்புக்கு முக்கியக் காரணமானால், பிரிவு 86-இன்படி அதற்கும் பொறுப்பு.

விற்றவருக்கு ஆணையத்தின் நோட்டீஸ் போனதும் பல நேரம், "வேறு பீஸ் தர்றோம், ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்று அழைப்பு வரும். கையெழுத்துக்கு முன்னால் அந்த வேறு பீஸின் டேப்பையும் சீரியல் எண்ணையும் பார்த்துவிடுங்கள்.