கொழும்புக் காற்றும் லொறியின் பிரேக்கும்

கொழும்புத் துறைமுகத்திலிருந்து கொன்டெய்னர் ஏற்றிக்கொண்டு வெளியே வரும் லொறி காற்றால்தான் நிற்கிறது. எஞ்சினோடு சேர்ந்து ஓடும் கொம்பிரசர் வெளிக்காற்றை இழுத்து, ஏறக்குறைய 8 பார் அழுத்தத்துக்கு நெருக்கி, வண்டிக்கு அடியில் இருக்கும் தாங்கிகளில் நிரப்புகிறது. சாரதி பெடலை மிதித்ததும் அந்தக் காற்று சில்லுகள் வரை ஓடிப்போய் பிரேக்கைப் பிடிக்கிறது. காற்றோடு சேர்ந்து தண்ணீரும் உள்ளே போய்விடுவதுதான் சிக்கல்.

எவ்வளவு தண்ணீர்? 30 பாகை செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். கொழும்பில் ஈரப்பதன் 80 சதவீதம் இருப்பது சாதாரணம். அப்படியென்றால் 24 கிராம். வெளிக்காற்றின் அழுத்தமே ஏறத்தாழ ஒரு பார். அதற்கு மேல் இன்னும் 8 பார் நெருக்கினால் காற்று ஒன்பதில் ஒரு பங்கு இடத்துக்குள் சுருங்கிவிடும். கொம்பிரசரை விட்டு வரும்போது காற்று கொதிக்கக் கொதிக்க இருப்பதால் நீராவி நீராவியாகவே வரும். சூடு ஆறி மறுபடி 30 பாகைக்கு இறங்கியதும், அந்தச் சின்ன இடத்தில் மூன்று கிராம் சொச்சம் நீராவிக்குத்தான் இடம். மீதி 20 கிராம், ஈரத்துணியைப் பிழிந்தது போலத் தண்ணீராக விழுந்துவிடும். தாங்கியில் தண்ணீரைக் கண்டதும் மழைத்தண்ணீர் எங்கேயோ புகுந்துவிட்டது என்று ஓட்டை தேடுகிறவர்கள் உண்டு. ஓட்டையே இல்லாத புது வண்டியிலும் இந்தத் தண்ணீர் சேரும்.

குளிர் நாடுகளில் இது குழாய்க்குள் பனிக்கட்டியாக உறைந்து பிரேக்கை அடைத்துவிடும். நமக்கு அந்தப் பயம் இல்லை, ஆனால் துரு இருக்கிறது. தாங்கியின் அடி உள்ளிருந்து அரிக்கும். வால்வுகளுக்குள் இருக்கும் கிரீஸ் கழுவுப்பட்டுப் போகும். துருத்தூள் சிறு துளைகளில் சிக்கி, பெடலை விட்ட பிறகும் பிரேக் விடுபடச் சுணங்கும். தாங்கிக்குள் தண்ணீர் பிடித்த இடம் காற்றுக்கு இல்லாமல் போகிறது என்பதையும் மறக்கக்கூடாது. கடுகண்ணாவை இறக்கத்தில் அடிக்கடி பிரேக் பிடிக்கும்போது கைகொடுக்க வேண்டியது அந்தச் சேமிப்புத்தான்.

இதைத் தடுக்கத்தான் எயார் டிரையர். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சின்னச் சின்ன மணிகள் நிரம்பிய காட்ரிட்ஜ் இருக்கும். காற்று அதன் வழியாகத்தான் தாங்கிக்குப் போகும். அழுத்தம் நிறைந்ததும் கொம்பிரசர் சுமையை விடும், அதாவது தாங்கிக்குக் காற்றை நெருக்கி அனுப்புவதை நிறுத்தும். அப்போது டிரையரின் அடி வால்வு திறந்து, தேங்கிய தண்ணீரையும் எண்ணெயையும் புஸ்ஸென்று வெளியே தள்ளும். அதோடு, ஏற்கெனவே உலர்ந்த காற்றில் கொஞ்சம் எதிர்த்திசையில் மணிகளுக்குள்ளால் பாய்ந்து அவற்றின் ஈரத்தை வாரிக்கொண்டு போகும். பஸ் பக்கத்தில் நிற்கும்போது நம்மைத் திடுக்கிட வைக்கும் சத்தங்களில் ஒன்று இதுதான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஓய்வு வேண்டும். கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் வீதியில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்று தரிப்புக்குத் தரிப்பு பிரேக் பிடிக்கும் பஸ்ஸில் கொம்பிரசர் அதிக நேரம் சுமையோடேயே ஓடுகிறது. மணிகள் உலர அவகாசம் குறைவு. எங்காவது காற்று கசிந்தால் நிலைமை இன்னும் மோசம். என் கணிப்பில், டிரையரை மாற்றுவதற்கு முன் கசிவைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம். கொம்பிரசரின் பிஸ்டன் ரிங் தேய்ந்து எண்ணெய் வந்தால், அது மணிகளின் மேல் படிந்து அவற்றை உறிஞ்ச முடியாமல் ஆக்கிவிடும். அப்புறம் புதுக் காட்ரிட்ஜ் போட்டாலும் அதுவும் சீக்கிரம் கெட்டுவிடும்.

டிரையர் இருந்தாலும் தாங்கியின் அடியிலுள்ள வால்வை இழுத்துப் பார்க்க வேண்டும். டிரையர் இல்லாத பழைய வண்டியில் இது அன்றாட வேலை. ஓட்டம் முடிந்த பின் செய்தால் தண்ணீர் இரவு முழுக்கத் தேங்கி நிற்காது. சமதரையில் நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, முகத்தை விலக்கிக்கொண்டு வளையத்தை இழுக்க வேண்டும். டிரையர் உள்ள வண்டியில் வெறும் காற்று வந்தால் சரி. தண்ணீர் வந்தால் காட்ரிட்ஜின் ஆயுள் முடிந்திருக்கலாம். பால் போல வெள்ளையாகவோ கறுப்புப் பசையாகவோ வந்தால் எண்ணெய் கலந்திருக்கிறது, கொம்பிரசரைப் பார்க்க வேண்டும். செம்பழுப்பு நிறம் துரு. வெள்ளைத் தூள் வந்தால் மணிகள் உடைந்து வால்வுகளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன. அந்த வண்டியை அடுத்த ஓட்டத்துக்கு அனுப்பாமல் நேரே கராஜுக்குக் கொண்டுபோக வேண்டும்.