கூடப் படுத்த துணையும் சோறு வைத்த கையும்

காப்பகக் கூண்டின் பின்சுவரோடு ஒட்டி, ஒன்றின் முதுகில் மற்றொன்று தாடையை வைத்துப் படுத்திருக்கும் இரண்டு கிழ நாய்கள். ஆள் நெருங்கினால் இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒன்றைக் குளிப்பாட்ட அழைத்துப் போனால் மற்றது கதவையே பார்த்துக்கொண்டு நிற்கும். இப்படிப்பட்டவற்றைப் பல காப்பகங்கள் ஜோடியாகத்தான் தத்துக் கொடுக்கின்றன. வயதும் ஆகி, கூச்சமும் உள்ள நாயைக் கேட்டு வருபவர்களே குறைவு; இரண்டு என்றால் இன்னும் குறைவு. அதையும் மீறி அழைத்து வருபவர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கும்: ஒன்றுக்கொன்று துணை இருக்கிறது, புது வீட்டில் தாமாகவே தேறிக்கொள்ளும். அந்த நம்பிக்கையைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும்.

நாய் மிரளும்போது மூளையிலுள்ள ஹைபோதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சேதி அனுப்புகிறது. அது அட்ரினல் சுரப்பிகளைத் தூண்ட, கார்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. நெருக்கடியைச் சமாளிக்க உடலுக்குச் சர்க்கரையைத் திரட்டித் தருவது அதன் வேலை. பழகிய துணை பக்கத்தில் இருந்தால் பல விலங்குகளில் இந்த ஏற்றம் தணிகிறது. நாய்களில்?

டேவிட் டியூபர், மைக்கேல் ஹென்னஸி முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. அவர்கள் எடுத்துக்கொண்டவை ஏழு வயதை எட்டிய கலப்பின நாய்கள். குட்டிப் பருவம் முதல் இரண்டிரண்டாக ஒரே கூண்டில் வாழ்ந்தவை. பழகிய கூண்டிலேயே ஒன்றை நான்கு மணி நேரம் தனியே விட்டார்கள், ஹார்மோன் ஏறவில்லை. அறிமுகமில்லாத இடத்தில் விட்டபோது ஏறியது. தனியாக இருந்தாலும் ஏறியது, கூண்டுத் துணையோடு இருந்தாலும் ஏறியது. அவற்றைப் பராமரித்து வந்த மனிதர் உடன் இருந்தபோதுதான் ஏறவில்லை.

சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஆயுள் முழுவதும் கூடப் படுத்த துணையால் முடியாததை, சோறு வைத்த ஒருவர் அருகில் இருந்ததே செய்துவிட்டது என்பது என்னை உலுக்கிய செய்தி. யோசித்தால் காரணம் ஓரளவு புரிகிறது. புதிய இடத்தில் துணை நாயும் மிரண்டுதான் நிற்கிறது. ஒன்று காதை மடக்கினால் மற்றதுக்கும் அது எச்சரிக்கை.

அப்படியானால், புது வீட்டில் அந்த நிதானத்தைத் தர வேண்டியவர் நாம். ஆனால் முதல் நாளில் நாம் அவற்றுக்கு அந்நியர். ஜப்பானின் மிஹோ நாகசாவா குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ப்பவரும் நாயும் நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்தபோது இருவரிடமும் ஆக்சிடோசின் என்ற பிணைப்பு ஹார்மோன் கூடியது. இதைப் படித்துவிட்டுக் கூச்ச நாயின் முகத்தைக் குனிந்து உற்றுப் பார்க்கக் கூடாது. அந்தப் பார்வை பழக்கத்தின் பலன். பழகாத நாய்க்கு முறைப்பு மிரட்டலே. தரையில் பக்கவாட்டாக உட்காருங்கள். தினமும் அதே நேரத்தில், அதனதன் கிண்ணத்தில் சோறு வையுங்கள். இரண்டு கிண்ணங்களும் தள்ளித் தள்ளி இருக்கட்டும். தின்னாவிட்டால் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். பயம் செரிமானத்தை ஒடுக்கிவிடும். நீங்கள் அறையை விட்டு நகர்ந்ததும் தின்றால் அதுவே நல்ல தொடக்கம். வாரங்கள் ஆகும், சில நாய்களுக்கு மாதங்கள்.

முதுமை இதில் இன்னொரு முடிச்சு. தொட்டால் விலகுவது கூச்சமாக இல்லாமல் மூட்டு வலியாக இருக்கலாம். கூப்பிட்டால் வராதது காது மந்தத்தால் இருக்கலாம். குணம் என்று முடிவு கட்டுமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுவது நியாயம். மூளையும் தளரும். கலிபோர்னியாவில் 2001இல் வெளியான ஆய்வொன்றில் 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்திடமும், 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்திடமும் தடுமாற்றத்தின் அறிகுறி ஒன்றாவது தென்பட்டது: வீட்டுக்குள்ளேயே வழி தவறுவது, இரவும் பகலும் மாறிப்போவது போன்றவை. இங்கே துணை நாய் உண்மையாகவே உதவும். வாசல் சத்தம் கேட்காத நாய், கேட்ட நாய் தலை தூக்குவதைப் பார்த்து எழுந்துகொள்ளும்.

இரண்டும் முதியவை என்பதால் ஒன்று முந்திப் போகும். இத்தாலியில் 426 நாய் வளர்ப்பாளர்களிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் ஒரு நாய் இறந்தபின் மற்ற நாயின் நடத்தை மாறியதாக 86 சதவீதத்தினர் சொன்னார்கள். விளையாட்டு குறைந்தது, தூக்கம் கூடியது, சில நாய்கள் சரியாகத் தின்னவில்லை. எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்தன என்பது அந்தத் துயரைத் தீர்மானிக்கவில்லை. எவ்வளவு இணக்கமாக வாழ்ந்தன என்பதே தீர்மானித்தது. எல்லாவற்றையும்விட அதிகமாக, 67 சதவீதத்தினர், சொன்ன மாற்றம் ஒன்று உண்டு: மிஞ்சிய நாய் முன்னைவிடக் கூடுதலாகத் தங்களையே தேடி வந்தது.